ஏரியூர் சாலையில் மூன்று விளக்குகள்

ஞாயிறு காலை ஏழு மணிக்குத் தருமபுரியிலிருந்து கிளம்பினோம். பென்னாகரம் வரை முப்பது கிலோமீட்டர், அங்கிருந்து ஏரியூருக்குப் பதினைந்து சொச்சம். என் மனைவி வாசுகி ஆசிரியை. ஏரியூர்ப் பக்கத்துப் பள்ளிக்கு மாற்றலாகி, மறுநாள் அங்கே சேர வேண்டும். எங்களிடம் இருப்பது பதினைந்து வயதான ஒரு சின்னக் கார். அதை நம்பித் தினமும் போய்வர முடிந்தால் அவள் எங்களோடு இருப்பாள். முடியாவிட்டால் அங்கேயே அறை எடுத்துத் தங்கி, சனிக்கிழமை மட்டும் வீட்டுக்கு வருவாள். மூன்றாவது படிக்கும் மகளுக்கு இதை நாங்கள் இன்னும் சொல்லவில்லை.

காரின் கோளாறு இதுதான். ஓடும்போது பேட்டரி, பிரேக், இன்ஜின் விளக்குகள் மூன்றும் சேர்ந்து எரியும். என்னவென்று பார்ப்பதற்குள் அணைந்துவிடும். ஒரு முறை திருப்பத்தில் ஸ்டியரிங்கும் இறுகியது. ஒர்க்‌ஷாப்பில் கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்துவிட்டு பேட்டரியை மாற்றச் சொன்னார்கள். மாற்றியும் பயனில்லை. மெக்கானிக் முன்னால் நின்றால் அந்தக் கார், மாமியார் வீட்டுக்கு வந்த புது மாப்பிள்ளை மாதிரி அவ்வளவு ஒழுங்காக இருக்கும்.

வாசுகி ஓட்டினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து விளக்குகளைப் பார்த்துக்கொண்டு வந்தேன். ஏசிதான் காரணம் என்பது என் கட்சி. அதைப் போட்டும் அணைத்தும் பார்த்ததில் எனக்கு வியர்த்ததுதான் மிச்சம். இருபுறமும் மரவள்ளிக் காடுகளும் இடையிடையே தென்னையும் வந்தன. எட்டு மணிக்குள் இண்டூர். டீ பன்னிரண்டு ரூபாய், சுமார் ரகம்.

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வாசுகி சொன்னாள்: "ஏசிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லீங்க. ஸ்பீட் பிரேக்கர்ல ஏறி எறங்குனா மட்டும் எரியுது. சும்மா நிக்கறப்ப எரியறதே இல்ல."

பென்னாகரத்துக்கு முன்னால் ஒரு வேகத்தடையில் வேண்டுமென்றே இரண்டு முறை ஏற்றி இறக்கினாள். இரண்டு முறையும் மூன்று விளக்குகளும் எரிந்தன. பின்னால் வந்த டிராக்டர்காரர் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார்.

பென்னாகரம் பேருந்து நிலையத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு மெக்கானிக் கடை திறந்திருந்தது. நாற்பது வயது மதிக்கத்தக்கவர் இருந்தார். வாசுகி தான் கவனித்ததைச் சொன்னதும், இன்ஜினை ஓடவிட்டு என்னை விளக்குகளைப் பார்க்கச் சொன்னார். வயர்களை ஒவ்வொன்றாக ஆட்டினார். ஒன்றும் எரியவில்லை. பிறகு முன்பக்கத்தை முழங்காலால் அழுத்திக் குலுக்கினார். எரிந்தது.

அவர் குனிந்து பார்த்தார். நம்பர் பிளேட்டுக்குப் பக்கத்தில் கறுப்புக் கயிற்றில் படிகாரக் கல்லும் காய்ந்த எலுமிச்சம்பழமும் தொங்கின. ஆயுத பூஜையன்று திருஷ்டிக்காக நான் கட்டியவை. கயிற்றை கிரில்லுக்குள் விட்டு, கைக்கு எட்டியதில் இறுக்கி முடிச்சுப் போட்டிருந்தேன். கைக்கு எட்டியது பேட்டரியிலிருந்து காரின் உடம்புக்குப் போகும் எர்த் வயர். வண்டி குலுங்கும்போதெல்லாம் கல் ஆடி, வயரை இழுத்து இழுத்து, அதைப் பிடித்திருந்த போல்ட் தளர்ந்துவிட்டது. கண் படாமலிருக்கக் கட்டியதே காரைப் படுத்தியிருக்கிறது. எனக்குச் சிரிப்பு வந்தது. வாசுகி சிரிக்கவில்லை.

மெக்கானிக் போல்ட்டை முடுக்கினார். கயிற்றை மட்டும் தொடவில்லை.

"பூஜ போட்டுக் கட்டுனதுங்க. நான் அறுக்கக் கூடாது. நீங்களே அவுத்துக்கோங்க."

என் முடிச்சு எனக்கே அவிழவில்லை. வாசுகி அவிழ்த்து, வயரில் படாமல் பம்பரில் கட்டினாள். தூக்கிப் போட்டுவிடலாமே என்றேன். புது இடத்துக்குப் போகிறேன், இருந்துவிட்டுப் போகட்டும் என்றாள்.

பத்து மணிக்கு முன்பே ஏரியூர் போய்ச் சேர்ந்தோம். அங்கிருந்து பள்ளிக்கும் போனோம். பூட்டிய கேட்டுக்கு வெளியே நின்று வாசுகி கட்டடத்தைப் பார்த்தாள். சுற்றிலும் நிலக்கடலைக் காடு. வழியில் எத்தனையோ வேகத்தடைகள் வந்தும் ஒரு விளக்கும் எரியவில்லை. எனக்கு அது போதுமாக இருந்தது. அவளுக்குப் போதவில்லை. திரும்பும்போது பென்னாகரம் பேருந்து நிலையத்தில் காரை ஓரங்கட்டினாள்.

"நீங்க எறங்கி பஸ்ல வாங்க. நாளைக்கு நீங்க பக்கத்துல இருக்க மாட்டீங்க இல்ல? தனியா ஓட்டிப் பாத்தாத்தான் எனக்குத் தெரியும்."

இறங்கினேன். பேருந்தில் ஜன்னலோர இடம் கிடைத்தது. காலையில் பார்த்த தென்னையும் மரவள்ளியும் இப்போது கண்ணில் படவில்லை. சாலையோரம் பானட்டைத் தூக்கிக்கொண்டு எங்கள் கார் நிற்கிறதா என்று ஒவ்வொரு திருப்பத்திலும் பார்த்தேன். பயமாகத்தான் இருந்தது. வாசுகிக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை மறுபடி மறுபடி செய்தேன். இண்டூர் வேகத்தடையில் பேருந்து தூக்கிப் போட்டபோது, எட்டி டிரைவருக்கு முன்னால் ஏதாவது எரிகிறதா என்றுகூடப் பார்த்தேன்.

தருமபுரி பேருந்து நிலையத்துக்கு எதிரே கார் நிழலில் நின்றிருந்தது. வாசுகி கதவில் சாய்ந்து இளநீர் குடித்துக்கொண்டிருந்தாள். நான் கேட்பதற்கு முன்பே அவள் சொன்னாள்:

"வண்டியில ஒரு லைட்டும் எரியலீங்க. உங்க போன்தான் வழியெல்லாம் எரிஞ்சிக்கிட்டே வந்துது. நாளைக்கு ஏழு மணிக்குக் கெளம்பறேன், பொழுது சாயறதுக்குள்ள வூட்டுக்கு வந்துருவேன். நடுவுல கூப்பிடாதீங்க."