கால்சியம் மடை

பாளையங்கோட்டையில் பெண்கள் கல்லூரி ஒன்றில் விலங்கியல் நடத்துகிறவள் ராஜராஜேஸ்வரி. உப்புநீரில் துடிக்கும் தவளை இதயத்தின் மேல் அவள் ஒரு சொட்டு அட்ரினலின் விட்டால், துடிப்பு ஓங்கி எழும். பின்வரிசையில் தூங்கிக் கிடக்கும் பெண்கள்கூட எட்டிப் பார்ப்பார்கள். ஏன் ஓங்குகிறது என்பதை மட்டும் அவள் தமிழில் ஒருநாளும் சொன்னதில்லை.

தொண்ணூற்றாறில் வானொலி நிலையத்திலிருந்து பத்து நிமிஷப் பேச்சுக்கு அழைப்பு வந்தது. போன வருஷமும் அழைத்தார்கள், பேசிவிட்டு வந்தாள். ஒலிபரப்பாகும் நாளில் சொந்தக்காரர்கள் முறுக்கும் கையுமாக ரேடியோ முன்னால் உட்கார்ந்திருக்க, நாதஸ்வரம்தான் வந்தது. பேச்சு விளங்கவில்லை என்று நிலையத்தில் எடுத்து வைத்துவிட்டார்களாம். இந்தத் தடவையும் நாதஸ்வரம் வந்தால் நாத்தனார் முகத்தில் எப்படி விழிப்பது?

எழுதியதைக் கணவர் சிவசண்முகத்திடம் வாசித்துக் காட்டினாள். பொதுப்பணித் துறையில் பாசனப் பிரிவு அவருக்கு.

“இதயச் செல்லின் சுவரில் கால்சியம் கால்வாய்கள் உள்ளன.”

“கால்வாயா? எம்புட்டுத் தூரம் ஓடுது?” இட்லியைப் பிட்டபடியே கேட்டார்.

“தூரம் எங்க இருக்கு? சுவத்துல ஒரு ஓட்டை. அதுக்கு ஒரு கதவு. தெறந்தா கால்சியம் உள்ள போகும்.”

“அதுக்குப் பேரு மடைல்லா. சேனல்னா எல்லாம் கால்வாயா? அப்ப டிவி சேனலையும் கால்வாய்ம்பியோ?”

அவளுக்குக் கோபமும் வந்தது, சொல்லும் பிடித்துப்போயிற்று. அன்றைக்கே கால்வாயையெல்லாம் அடித்து மடையாக்கினாள். மடை வந்தபின் மற்றது தானாக வந்தது. கைனேஸ் என்ற புரதம்தானே மடையைத் திறந்துவிடுகிறது?

நிலையத்தில் நிகழ்ச்சிப் பொறுப்பிலிருந்த லில்லி, தாளை வாங்கிப் படித்தவள் பாதியில் கண்ணாடியைக் கழற்றினாள்.

“‘உங்கள் இதயத்தில் கோடிக்கணக்கான மடையர்கள் இருக்கிறார்கள்.’ அக்கா, காலங்காத்தால இதைப் போட்டா ஊர்ல என்னைச் சும்மா விடுவாங்களா?”

“மடையத் தெறக்குறவன் மடையன்தானம்மா.”

“சரிதான். இருந்தாலும் கேக்குறவங்க நெஞ்சுல கை வச்சுப் பார்ப்பாங்கல்லா. வேற சொல்லுங்க. இல்லன்னா இதையும் எடுத்து வைக்கத்தான் வேணும்.”

வேறு சொல் தேடப்போனபோதுதான் ராஜராஜேஸ்வரிக்கு உறைத்தது. சொல் மட்டுமல்ல, விஷயமே தப்பு. கைனேஸ் கதவைத் திறப்பதில்லை. ஒவ்வொரு துடிப்புக்கும் வருகிற மின்சாரம்தான் திறக்கிறது. பயமோ சந்தோஷமோ வந்து அட்ரினலின் ஊறினால் உள்ளே கைனேஸ் விழித்துக்கொண்டு, மடையில் பாஸ்பேட் ஒன்றை ஒட்டிவிடும். அதனால் கதவு எளிதாகத் திறக்கும், கொஞ்சம் கூடுதல் நேரமும் திறந்திருக்கும். கால்சியம் அதிகம் புகும். இதயம் ஓங்கி அடிக்கும். ஆங்கிலத்தில் இதைச் சரியாகத்தான் நடத்தி வந்தாள். தமிழில் நல்ல சொல்லாக ஒன்று அகப்பட்டதும் அதன் பின்னாலேயே போய்விட்டாள்.

மடையனை அடித்துவிட்டு எழுதினாள்: “கைனேஸ் கதவுக்கு முட்டை வைக்கிறது.”

லில்லிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “கோழியா அக்கா அது?”

“முட்டுக் கொடுக்கிறது” என்று திருத்தினாள். நரம்பு நுனியிலும் இதே மாதிரி மடைகள் உண்டு, அங்கே கால்சியம் புகுந்தால்தான் அடுத்த நரம்புக்குச் சேதி போகும், அவற்றை ஏற்றவும் தணிக்கவும் வேறுவேறு கைனேஸ்கள் இருக்கின்றன என்பதையும் சேர்த்துப் பேசி முடித்தாள். ஒலிப்பதிவு அறையின் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் லில்லி தலையை ஆட்டினாள்.

பேச்சு வந்தது. நாத்தனார் முழுசாகக் கேட்டுவிட்டு, குரல் கொஞ்சம் கட்டியிருந்தது என்று மட்டும் சொன்னாள். அது போதவில்லை ராஜராஜேஸ்வரிக்கு. யாருக்காவது விளங்கியதா?

மறுநாள் கல்லூரிக்குக் கிளம்பும்போது, எதிர்வீட்டு மஹ்மூதா பீவி வாசலில் மறித்தாள்.

“டீச்சர், ரேடியோல கேட்டேன். துபாய்லேர்ந்து எம்மவன் போன்ல வந்தா நெஞ்சு ஏன் படபடங்குதுன்னு இப்பல்லா தெரியுது. ஒண்ணு மட்டும் சொல்லாம விட்டுட்டிய. முட்டுக் குடுத்தவன் குடுத்துட்டுப் போயிட்டான். பெறவு அதை உருவுறது ஆரு? உருவலன்னா நெஞ்சு அடிச்சுக்கிட்டேல்லா கெடக்கும்?”

ராஜராஜேஸ்வரி தோள்பையை இறக்கினாள்.

“அதுக்குன்னு வேற ஒரு ஆள் இருக்கான்க்கா. உள்ள வாங்க, சொல்லுதேன்.”

அன்றைக்கு முதல் வகுப்பு நடக்கவில்லை.