தொட்டில் மரத்து மாங்காய்

செண்பகத்தோப்புக்குப் போகிற வழியில், மலையடிவாரத்தில் எங்களுக்கு ஒரு மாந்தோப்பு இருக்கிறது. பூட்டனார் கரட்டு நிலத்தைத் திருத்தி உண்டாக்கியது. கிணற்றடியில் நிற்கும் சப்பட்டை ரக மாமரத்துக்கு எங்கள் வீட்டில் தொட்டில் மரம் என்று பெயர். பெரியவர்கள் தண்ணீர் பாய்ச்சும்போது அப்பாவையும், பிற்பாடு அத்தையையும் அதன் தாழ்ந்த கிளையில்தான் சேலைத் தொட்டில் கட்டிப் போட்டிருந்தார்களாம். உலகத்தில் எனக்கு அதைவிடப் பிடித்த இடம் இன்றுவரை கிடையாது.

ராஜபாளையத்திலிருந்து தோப்புக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாகத்தான் போவோம். அங்கேதான் அத்தை வீடு. தன் இஷ்டப்படி கல்யாணம் செய்துகொண்டதால் அத்தையோடு அப்பாவுக்கு நாலு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. அந்தத் தெருமுனை வந்ததும் மொபெட்டை முறுக்குவார். தாண்டியதும் பழைய வேகத்துக்கு வந்துவிடுவார். கோபமெல்லாம் அந்த ஒரு தெருவுக்கு மட்டும்தான்.

எனக்கு எட்டு வயதிருக்கும்போது ஒரு சித்திரையில் அம்மா மெல்ல ஆரம்பித்தாள். "ஒங்க தங்கச்சி முழுகாம இருக்காளாம். தொட்டில் மரத்துக் காய்தான் வேணும்னு ஒத்தக்கால்ல நிக்காளாம்."

"ஏன், அந்த ஊர்ல மாங்காய்க்கா பஞ்சம்?" என்றார் அப்பா. மறுநாள் காலையில் என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டார்.

இதில் ஒரு சிக்கல். பூவிட்டபோதே தோப்பைக் குத்தகைக்கு விட்டாகிவிட்டது. மரம் எங்களுடையது, காய் குத்தகைக்காரருடையது. அதில் அப்பா ரொம்பக் கறார். கீழே கிடக்கிற பிஞ்சை எடுத்தால்கூட என் முதுகில் ஒன்று வைப்பார். அப்பேர்ப்பட்டவர் அன்றைக்குச் சொந்தத் தோப்பில் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"அண்ணாச்சி, அந்த மரத்துல ரெண்டு காய் வேணும்."

"ஒங்களுக்கு இல்லாததா? யாருக்கு?" என்றார் குத்தகைக்காரர்.

"தங்கச்சிக்கு," என்றார் அப்பா. அந்த வார்த்தையை அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை. குத்தகைக்காரர் தானே மரமேறி ஒரு பை நிறையப் பறித்துத் தந்தார்.

அத்தை வீட்டு வாசலில் அப்பா வண்டியைவிட்டு இறங்கவில்லை. "குடுத்திட்டு ஓடியா" என்று என்னை மட்டும் அனுப்பினார். உள்ளே போனால் எனக்குப் பகீரென்றது. கூடத்தில் ஒரு கூடை நிறைய மாங்காய், அதுவும் சப்பட்டை. மாமா வாங்கிப் போட்டிருக்கிறார். அத்தை ஆசையாய்க் கையை நீட்டிக்கொண்டு வந்தாள். நான் பையைக் கொடுக்காமலே வாசலுக்கு ஓடிவந்து கத்தினேன்.

"எப்பா, இங்க கூடை கூடையா கெடக்கு! அத்தை சும்மா கேட்டிருக்கு. வாங்க போயிருவோம்!"

பின்னாலேயே வந்த அத்தை நிலைப்படியில் நின்றுவிட்டாள். அப்பா அவளைப் பார்த்ததும் வண்டியைவிட்டு இறங்கினார். "எம்புட்டு மெலிஞ்சு போயிட்ட" என்றார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். மத்தியானச் சாப்பாடும் அங்கேதான். அத்தை அழுதாள், சிரித்தாள், அப்பாவுக்கு மூன்று தடவை சோறு வைத்தாள். நாங்கள் கொண்டுபோன மாங்காயை ஒருவரும் சீந்தவில்லை.

திரும்பும்போது அப்பாவுக்குப் புத்தி சொன்னேன். இனிமேல் அத்தை எது கேட்டாலும், வீட்டில் இருக்கிறதா என்று முதலில் விசாரித்துவிட்டுத்தான் அலைய வேண்டும். சரி என்று ஒப்புக்கொண்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அத்தை எதுவுமே கேட்காதபோது, மறுபடியும் அவள் வீட்டுக்கு வண்டியை எடுத்தார். ஏமாந்தும் புத்தி வரவில்லையே என்று பரிதாபப்பட்டுக்கொண்டே பின்னால் ஏறி உட்கார்ந்தேன்.