கேள்வி திரும்பி வந்த வரி

இப்போது டிடிபி வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். நான் பத்தாவது பாஸ், அதிலும் கணக்கில் தட்டுத்தடுமாறித்தான். காஞ்சிபுரத்தில் ஒரு பிரஸ்ஸில் இருபத்தெட்டு வருஷமாக டைப்செட்டிங் செய்கிறேன். பெருமாள் புண்ணியத்தில் குடும்பம் இதில்தான் ஓடுகிறது.

1. ஹெல்மெட்டோடு வந்த டீச்சர்

ஒரு புதன்கிழமை காலை. சாமி படத்துக்குப் பூ வைத்துவிட்டு அப்போதுதான் சிஸ்டத்தில் உட்கார்ந்தேன். செல்வி டீச்சர் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தார்.

"வரதண்ணா, பதினேழாம் பக்கம் எடுங்க."

இவர் பக்கத்துத் தாமல் கிராமத்துக்காரர். விவசாயக் குடும்பம். இங்கே ஒரு பெண்கள் பள்ளியில் பிளஸ் ஒன்னுக்குக் கணக்கு எடுக்கிறார். தொகையிடல் பாடம் அவர் பிள்ளைகளுக்கு வேப்பங்காயாக இருந்ததால், ஒவ்வொரு முறையையும் தமிழில் எளிதாக எழுதி இருபத்து நாலு பக்கத்துக்கு ஒரு கையேடு தயார் செய்திருந்தார். பிரதியிடல், பகுதிப் பின்னம், பகுதித் தொகையிடல் என்று தனித்தனியாக. அதை அறுபது பிரதி நாங்கள் போட்டுக் கொடுத்து ஒரு வாரம் ஆகியிருந்தது. வெள்ளிக்கிழமை பரீட்சை.

பக்கத்தை எடுத்தேன்.

"மூணாவது வரில I ஈக்குவல் டுன்னு ஒண்ணு போட்டிருக்குது. நாலாவது வரில 2I ஈக்குவல் டுன்னு அதே விடையைப் போட்டிருக்குது. ஒண்ணும் ரெண்டும் எப்படிண்ணா ஒண்ணாவும்? என் பொண்ணுங்க நேத்து கிளாஸ்ல சிரிக்கிறாங்க. பாதிப் பேர் அந்த ரெண்டை பிரிண்டிங் மிஸ்டேக்னு பேனாவால அடிச்சிட்டு, தப்பு விடையை மனப்பாடம் பண்ணிக்கினு இருக்காங்க."

அவர் கையால் எழுதிய தாளைத் தேடி எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். மூன்றாவது வரியின் கடைசியில் அவர் ஒன்று எழுதியிருந்தார். நான் அதை டைப் அடிக்கவில்லை. மறந்து அல்ல. தெரிந்தே வெட்டினேன்.

2. ஏன் வெட்டினேன்

எங்கள் பிரஸ்ஸில் பாதிக்கு மேல் கல்யாணப் பத்திரிகை. கஸ்டமர் எழுதிக் கொடுக்கிற மேட்டரில் ஒரே சித்தப்பா பெயர் மேலே ஒரு தரம், கீழே ஒரு தரம் இருக்கும். முதலாளி காதர் பாய், நான் சேர்ந்த அன்றைக்கே சொன்னது இது: "ஒரே வரி ரெண்டு தபா வந்தா ஒண்ணைத் தூக்கிடு வரதா. கை தவறி எழுதியிருப்பாங்க. அவங்களைப் போய்க் கேட்டுக்கினு இருக்காதே."

அந்தக் கணக்கு இப்படித் தொடங்கியது:

I = ∫ eˣ sin x dx

மூன்றாவது வரி இப்படி முடிந்தது:

I = eˣ sin x − eˣ cos x − ∫ eˣ sin x dx

எனக்கு ஒரு எழுத்தும் புரியாது. ஆனால் கண்ணுக்குத் தெரியுமே! முதல் வரியில் இருக்கிற கேள்வி அச்சு அசலாக மூன்றாவது வரியின் வாலில் மறுபடி நிற்கிறது. டீச்சர் அசதியில் கேள்வியையே திரும்ப எழுதிவிட்டார் என்று நினைத்தேன். வாலை வெட்டினேன். அவர் போனில் "எல்லாம் சரியா இருக்குதா, புரூஃப் பார்க்க வரணுமா?" என்று கேட்டபோது, "நான் பார்த்துட்டேன் டீச்சர், நீங்க அலையாதீங்க" என்று பெருமையாக வேறு சொன்னேன்.

எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். டீச்சர் திட்டவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"அண்ணா, அந்தக் கேள்வி திரும்பி வர்றதுக்காகத்தான் ரெண்டு தடவை பகுதித் தொகையிடல் பண்றோம். நேரா போனா இது முடியவே முடியாது. சுத்திக்கினே இருக்கும். ஆனா கேள்வியே வந்து வலது பக்கம் நிக்குதில்ல, மைனஸோட? அதைத் தூக்கி இடது பக்கம் போட்டா ரெண்டு கேள்வி ஆவுது. அதான் 2I. ரெண்டால வகுத்துட்டா விடை."

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. புறப்பாடு போன பெருமாள் நாலு வீதியும் சுற்றித் தன் சன்னதிக்கே திரும்பி வருகிறதைத்தான் இத்தனை வருஷம் பார்த்திருக்கிறேன். ஒரு கேள்வி அப்படித் திரும்பி வரும், வந்ததாலேயே தீரும் என்று யார் கண்டது!

காதர் பாய் உள்ளேயிருந்து, "வேற அடிச்சுக் குடுத்துடலாம் டீச்சர்" என்றார்.

"வேணாம் பாய். அதுல பொண்ணுங்க நிறைய எழுதி வெச்சிருக்காங்க. அந்தப் புத்தகத்துலயே திருத்தணும்."

3. ஐம்பத்தொன்பது

"நான் கையால எழுதித் தர்றேன்" என்றேன். வியாழக்கிழமை மதியம் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். ஸ்டாஃப் ரூமில் ஒரு மூலையில் மேசை கொடுத்தார்கள். ஒவ்வொரு புத்தகத்திலும் பதினேழாம் பக்கம், மூன்றாவது வரி, அந்த வால். பிள்ளைகள் பேனாவால் அடித்திருந்த ரெண்டை மறுபடி போட்டேன்.

முதல் பத்தை ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்து எழுதினேன். அப்புறம் ராமஜெயம் எழுதுகிற மாதிரி ஆகிவிட்டது. முப்பதைத் தாண்டியபோது தானாகக் கண் மேல் வரிக்குப் போய்க் கீழ் வரிக்கு வந்தது. இது அங்கே போகிறது, அதனால் இங்கே ரெண்டு. நான் எழுதுவதை நானே படித்தேன். பிரஸ் வாழ்க்கையில் அது முதல் தடவை.

ஐம்பத்தொன்பது முடிந்தது.

"இன்னொண்ணு சங்கீதாகிட்ட இருக்குதுண்ணா" என்றார் டீச்சர். "வாலாஜாபாத். பத்து நாளா டைபாய்டு. இந்தப் பாடம் நான் நடத்தினப்ப அவ கிளாஸ்லயே இல்ல. குடுத்தனுப்பின புத்தகத்தை மட்டும் வெச்சுத்தான் படிச்சுக்கினு இருக்கா. நாளைக்கு நேரா பரீட்சைக்கு வந்துடுவா. போன் அவங்கப்பாகிட்ட. அவர் ரைஸ் மில்லுல, எடுக்க மாட்டேங்குறார்."

மற்ற பிள்ளைகளுக்கு டீச்சர் இருக்கிறார். அந்தப் பெண்ணுக்கு நான் அடித்ததுதான் டீச்சர். பஸ் பிடித்தேன்.

4. வாலாஜாபாத்

கதவைத் திறந்த அம்மாவிடம் பிரஸ் பெயரைச் சொன்னதும், "பில்லு பாக்கியா?" என்று பயந்தார். இல்லையம்மா, தப்பு பாக்கி என்றேன். உள்ளே கட்டிலில் சங்கீதா. கன்னம் ஒட்டிப்போய், மடியில் அந்தப் புத்தகம். பதினேழாம் பக்கத்தின் மூலை மடித்திருந்தது.

"அங்கிள், இதை அடிச்சது நீங்களா? ரெண்டு நாளா மண்டை காயுது! எனக்குத்தான் ஜுரத்துல மூளை போயிடுச்சுன்னு நெனைச்சேன்."

"உன் மூளை நல்லாத்தாம்மா இருக்குது. என் கத்திரிதான் கெட்டது."

வரியை எழுதினேன். விளக்கவா என்று வாயெடுப்பதற்குள் அவள் கையை நீட்டித் தடுத்தாள். மூன்று விநாடி பார்த்தாள். விரலால் அந்த வாலைத் தொட்டு இடது பக்கம் இழுத்துக் காட்டினாள். "ஐயோ, அதுவேதானா!" என்று சிரித்தாள். எனக்கு அது பிடிபட முப்பது பிரதி ஆனது.

"இருங்க அங்கிள், இந்த தபா நம்ப மாட்டேன். விடையைச் சோதிச்சுப் பாக்கறேன்."

"அதை எப்படிச் சோதிப்பே? விடைத்தாள் எங்கே?"

"விடைத்தாள் எதுக்கு? விடையைத் திருப்பி வகையிட்டா கேள்வி வரணும். வரலைன்னா தப்பு."

நோட்டின் பின்பக்கத்தில் ½ eˣ (sin x − cos x) + c என்று எழுதி வகையிட்டாள். இரண்டு துண்டாக விரிந்தது. cos ரெண்டும் எதிரும் புதிருமாக நின்று அடிபட்டுப் போயின. sin பாதியும் பாதியும் சேர்ந்து முழுசாயிற்று. c இருந்த இடம் தெரியாமல் மறைந்தது. மிச்சம் தாளில் நின்றது eˣ sin x மட்டும்.

நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அந்தப் பிள்ளை வெட்கப்பட்டு, "என்னா அங்கிள் நீங்க" என்றாள். அவளைக் கும்பிடவில்லை. இத்தனை வருஷம் புரூஃப் பார்த்திருக்கிறேன். எந்தப் பத்திரிகையும் தன் பிழையைத் தானே சொன்னதில்லை. அப்படிச் சொல்கிற கணக்கைப் படைத்தவனைக் கும்பிட்டேன்.

"பயம் போச்சாம்மா?"

"போச்சு. நாளைக்கு இதையே கேட்டாத் தேவலை" என்று அடுத்த பக்கத்தைத் திருப்பினாள்.

பிள்ளைகளே, நான் கற்றது இவ்வளவுதான். உங்களுக்குப் புரியாதது எழுதியவரின் பிழை ஆகிவிடாது. சந்தேகம் வந்தால் வட்டம் போட்டு அவரைப் போய்க் கேளுங்கள். அதுவரை ஒரு புள்ளியையும் வெட்டாதீர்கள். நமக்கு அது வால். யாரோ ஒரு பிள்ளை அதைப் பிடித்துத்தான் கரையேற வேண்டியிருக்கும்.