பஸ் அத்தையின் சிரிப்பு

“இருபத்தொண்ணு, இருபத்திரெண்டு... டேய், தலையக் குனியாதடா, கணக்கு உதைக்குது... இருபத்திமூணு.”

காலை ஏழே முக்கால். பள்ளிப் பேருந்தின் நடுவழியில் பஸ் அத்தை பிள்ளைகளை எண்ணிக்கொண்டு வருகிறார். வாயால் எண்ணினால் அவருக்குப் போதாது. தலையில் கை வைத்தால்தான் அது பிள்ளை. ஒரு நாள், முன்வரிசை இருக்கையில் தூங்கிக்கொண்டிருந்த என் தலையிலும் கை வைத்து, “முப்பத்தெட்டு” என்று முடித்துவிட்டார். நான் அந்தப் பள்ளியின் கணினி ஆசிரியன். பள்ளி வாசலில் முப்பத்தேழு பேர்தான் இறங்கினார்கள். காணாமல் போன பிள்ளையை இருக்கைகளுக்கு அடியிலெல்லாம் தேடினோம். நானும் சேர்ந்து தேடினேன்.

பள்ளிக் காகிதத்தில் அவர் பெயர் ‘பேருந்து உதவியாளர்’. ஏற்றுவது, இறக்குவது, வாந்தி வரும் முகத்தை இரண்டு நிறுத்தம் முன்பே கண்டுபிடித்துப் பை நீட்டுவது, ஒற்றை ஷூவின் ஜோடியைத் தேடுவது எல்லாம் அவர் பொறுப்பு. ஓட்டுநரோடு சண்டை போடுவது மட்டும் சம்பளத்தில் சேராதது.

ஆனால் அவர் பேர்போனது சிரிப்புக்கு. முதலில் மூக்கில் மெல்லிய விசில் கேட்கும். அடுத்து, கிளம்ப மறுக்கும் பழைய ஸ்கூட்டர் மாதிரி நாலு உதை. ஐந்தாவதில் பற்றிக்கொள்ளும். வலது கை தானாக எழுந்து பக்கத்துக் கம்பியில் ‘தட்’டென்று விழும். டயர் வெடித்துவிட்டதென்று ஓட்டுநர் ஒருமுறை வண்டியையே ஓரம் கட்டியிருக்கிறார்.

இவ்வளவு சிரிப்பும் எங்கிருந்து என்று கேட்டேன். “வீட்டுல மிச்சம் பிடிச்சது சார்” என்றார். அவர் கணவருக்கு அச்சகத்தில் இரவு வேலை. பகலெல்லாம் தூக்கம். வீடோ ஒன்றரை அறை. “அவர் எந்திரிச்சாருன்னா அப்புறம் தூங்க மாட்டாரு. நம்மளையும் நிம்மதியா இருக்க விடமாட்டாரு. தும்மல் வந்தாக்கூட எம்பொண்ணு தெருவுக்கு ஓடிப்போய்த் தும்மிட்டு வருவா. ஒரு ஆள் தூங்கினாப் போதும் சார், ஒரு வீடே அடங்கிடும்.”

பேருந்தின் கடைசி வரிசையில் எட்டாம் வகுப்புக் கேப்டன். எந்த அணிக்கும் அவன் கேப்டன் இல்லை. இரண்டு கையையும் விரித்து நடுவில் உட்கார்ந்திருப்பதால் வந்த பதவி. இரண்டு பக்கமுமாக நாலு பேர். அவன் வாயைத் திறக்கும் முன்பே சிரிக்கத் தயாராக இருப்பார்கள். சொல்லக் கூடாது, ஆனால் பையன் கெட்டிக்காரன். ஓட்டுநரின் இருமலை அவன் செய்து காட்டினால் ஓட்டுநரே திரும்பிப் பார்ப்பார்.

மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி. அண்ணன் கல்லூரிக்குப் போனதும் அவனுடைய பை இவளுக்கு வந்துவிட்டது. பின்னாலிருந்து பார்த்தால் பை மட்டும் நடந்து வரும், கீழே இரண்டு வெள்ளை சாக்ஸ் தெரியும். படி உயரம் என்பதால் பஸ் அத்தை அவளைப் பையோடு சேர்த்துத் தூக்கி உள்ளே வைப்பார். போன மாதம் அப்படி வைத்தபோது பின்னாலிருந்து கேப்டன் குரல் கொடுத்தான்:

“பார்சல் வந்துருச்சு! யாருப்பா கையெழுத்துப் போட்டு வாங்கிக்கிறது?”

மூக்கில் விசில். நாலு உதை. ‘தட்!’ அத்தை சிரித்துவிட்டார். அத்தையே சிரித்த பிறகு பேருந்துக்கு என்ன? எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான், மறைப்பானேன்.

அதற்குப் பிறகு அவளுக்குப் பெயரே பார்சல்தான். மறுநாள் அவள் பையைக் கைமாற்றிக் கைமாற்றிக் கடைசி வரிசைக்கு அனுப்பினார்கள். அதற்கு மறுநாள் பையில் ஒரு சீட்டு: ‘உடையும் பொருள். தலைகீழாக வைக்கவும்.’ நாலாம் நாள் அவள் நிறுத்தத்தில் யாரும் இல்லை. இரண்டு தெரு தள்ளி, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெரிய பை நடந்து போனது. நடந்தால் பள்ளி முக்கால் மணி நேரம்.

அத்தை தலைமை ஆசிரியையிடம் போனார். தலைமை ஆசிரியை மூக்குக் கண்ணாடியைக் கழற்றினால் ஒரு குழு பிறக்கும்; கழற்றினார். “இதை நாம ரொம்பச் சீரியஸா எடுத்துக்கணும். ஒரு குழு அமைப்போம். உறுதிமொழியும் வைப்போம். நல்லா வாசிக்கிற பையன் யாரு?” நல்லா வாசிக்கிற பையன் கேப்டன்தான். காலைக் கூட்டத்தில், “யாரையும் பட்டப்பெயர் சொல்லி அழைக்க மாட்டேன்” என்று கணீரென்று வாசித்துக் கைதட்டல் வாங்கினான். மாலையில் பேருந்தில் அதையே தலைமை ஆசிரியையின் குரலில் வாசித்து, “பார்சலைத் தவிர” என்று முடித்தான். நாலு பேரும் புரண்டு புரண்டு சிரித்தார்கள்.

மறுநாள் காலை, நடந்துபோகும் அந்தப் பையின் அருகில் வண்டியை நிறுத்தச் சொல்லி அத்தை இறங்கினார். “ஏறு கண்ணு. இனிமே யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க. அத்தை இருக்கேன்ல?”

சிறுமி தன் சாக்ஸைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: “நீங்கதான் அத்தை முதல்ல சிரிச்சீங்க.”

அத்தை திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். வேலை நேரத்தில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. மூன்று நிறுத்தம் வரை தலை எண்ணவில்லை. பிறகு ஓட்டுநரிடம், “அண்ணே, அந்தப் பார்சலுக்குக் கையெழுத்துப் போட்டது நான்தான்” என்றார்.

“எந்தப் பார்சல்மா? எங்கிட்ட யாரும் ஒண்ணும் குடுக்கலையே” என்றார் ஓட்டுநர்.

திங்கட்கிழமை இருக்கைகள் மாறின. கேப்டனை அத்தை தொடவே இல்லை. கடைசி வரிசை முழுவதும் அவனுக்கே. அந்த நாலு பேரை மட்டும் பிரித்து, ஒவ்வொருவர் பக்கத்திலும் ஒரு மழலை வகுப்புக் குழந்தையை உட்கார வைத்தார். வண்டி கிளம்பினால் அந்த நாலு குழந்தைகளும் பக்கத்துத் தோளில் விழுந்து எச்சில் ஒழுகத் தூங்கிவிடும்.

“அத்தை, சட்டையெல்லாம் ஈரம்!”

“காஞ்சிடும் ராசா. ஒண்ணே ஒண்ணு. இதுங்க தூக்கத்தக் கலைச்சவங்கதான் திரும்பத் தூங்கவைக்கணும். பாட்டுப் பாடி.”

எட்டாம் வகுப்பு மீசைக்கனவுகள் நடுங்கிப்போயின. கேப்டன் பின்னாலிருந்து நல்ல கேலியாக ஒன்றை எடுத்துவிட்டான். நாலு பேரும் தோளில் கிடந்த தலையைத்தான் பார்த்தார்கள். இன்னும் சத்தமாகச் சொன்னான். ஒரு குழந்தை பாதிக் கண்ணைத் திறந்தது. நாலு பேரும் திரும்பி ஒரே மூச்சில், “ஷ்ஷ்ஷ்ஷ்! சும்மா இருடா!” என்றார்கள். அவன் விரித்திருந்த கைகளை மடியில் வைத்துக்கொண்டான்.

புதன்கிழமை வரை அதைப் பார்த்துவிட்டு, வியாழக்கிழமை அத்தை மறுபடி தெருவில் இறங்கினார். இந்த முறை வாக்குறுதி எதுவும் தரவில்லை. “நான் சிரிச்சது தப்பு கண்ணு. இன்னிக்கு ஒரு நாள் ஏறிப் பாரு. பிடிக்கலைன்னா அடுத்த நிறுத்தத்துல எறங்கிடலாம். நானும் உங்கூட எறங்கி நடந்து வரேன்.”

“அப்ப வண்டியில இருக்குற பிள்ளைங்கள யாரு பாத்துக்கறது?” என்று ஓட்டுநர் கத்தினார். “வேலை போயிடும்மா!”

“போனாப் போகுதுண்ணே.”

சிறுமி அம்மாவைப் பார்த்தாள். அம்மா கையை விட்டாள். அத்தை வழக்கம்போலக் குனிந்து இரண்டு கையையும் நீட்டினார்.

“தூக்க வேணாம் அத்தை.”

கம்பியைப் பிடித்து, முட்டியை ஊன்றி, பை ஒரு பக்கம் இழுக்க இவள் ஒரு பக்கம் இழுக்க, அவளாகவே ஏறினாள். அத்தையின் கைகள் காற்றில் அவள் பின்னாலேயே வந்தன, தொடவில்லை. அவள் மூன்றாவது வரிசை ஜன்னலில் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டாள். அடுத்த நிறுத்தம் வந்தது. அத்தை கதவைத் திறந்துவிட்டு அவளையே பார்த்தார். அவள் இறங்கவில்லை.

இது நடந்து இரண்டு வாரம் இருக்கும். நேற்று மாலை வண்டியின் குறுக்கே ஒரு மாடு நின்றது. ஓட்டுநர் ஹார்ன் அடித்துப் பார்த்தார், அது நகரவில்லை. கடைசி வரிசையிலிருந்து, வெகு நாளைக்குப் பிறகு, தலைமை ஆசிரியையின் குரல் கேட்டது: “இதை நாம ரொம்பச் சீரியஸா எடுத்துக்கணும். மாட்டுக்கு ஒரு குழு அமைப்போம்.”

அத்தையின் மூக்கில் விசில் வந்துவிட்டது. முதல் உதை, இரண்டாவது உதை. வலது கை கம்பிக்கு மேலே எழுந்தது. எழுந்த கை அங்கேயே நின்றது. மூச்சைப் பிடித்துக்கொண்டு, கன்னம் இரண்டும் உப்ப, அத்தை மூன்றாவது வரிசை ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார்.

மடியிலிருந்த பெரிய பைக்குப் பின்னால் முகம் தெரியவில்லை. பை மட்டும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தது.

அதன் பிறகுதான் கை கம்பியில் விழுந்தது.