இண்டர் பெயிலும் கொசு மருந்தும்

மருந்தடிக்கப் போகிறவனுக்கு எந்த வீட்டிலும் வரவேற்பு மூக்கைப் பொத்திக்கொண்டுதான்.

இண்டர்மீடியட்டில் கணக்குப் பேப்பரில் இரண்டு தடவை பெயிலாகி, கோட் அடித்தவன் நான். உங்களிலும் கோட் அடித்தவர்கள் இருப்பீர்கள்; அந்த அவஸ்தையை விளக்கவேண்டியதில்லை. கொல்லிமலையில் வீடு வீடாக மலேரியா மருந்தடிக்கும் தற்காலிக வேலை கிடைத்தது. மலேரியா இன்ஸ்பெக்டர் மனசு வைத்தால் நிரந்தரம். இல்லாவிட்டால் ஜூனில் மறுபடி காலேஜ் என்று அப்பா கறாராகச் சொல்லிவிட்டார்.

கொசுப் பாடம்

முதல் வீட்டில், காலேஜில் கேட்டதையெல்லாம் அவிழ்த்துவிட்டேன். எந்தக் கொசு, எங்கே முட்டையிடும், காய்ச்சல் எப்படி வரும், எல்லாம். சாமை புடைத்துக்கொண்டிருந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "கொசு கெடக்குதுங்க சாமி, மூட்டப்பூச்சி சாவுமுங்களா, அதைச் சொல்லுங்க."

நோம்பிச் சாணி

வாசலூர்பட்டிப் பக்கம் ஒரு ஊரில் இருபது வீட்டுக்கும் இரண்டு நாள் மருந்தடித்தேன். தோள்பட்டை கழன்றுவிட்டது. மூன்றாம் நாள் எட்டிப் பார்த்தால், அடப்பாவமே! சுவர் முழுக்கப் பச்சைச் சாணி. அடித்த மருந்து அத்தனையும் சாணிக்கு அடியில். மருந்தடித்த தேதியைச் சுவரில் நான் எழுதிவைத்த இடம்கூடத் தெரியவில்லை. போச்சு, வேலை போச்சு என்று தலையில் கைவைத்து உட்கார்ந்தேன்.

"ஏனுங்க, இப்பிடிப் பண்ணிட்டீங்களே?" என்றேன், அழாத குறையாக.

கையில் சாணியோடு நின்ற பெண் சிரித்தாள். "நாளைக்கு நோம்பிங்க. நாத்தம் புடிச்ச செவுத்த வெச்சுக்கிட்டா சாமி கும்புடறது?"

இன்ஸ்பெக்டர் ஏறி வந்தார்

அன்றிலிருந்து இன்ஸ்பெக்டர் போட்ட அட்டவணையை மடித்துப் பையில் வைத்துவிட்டேன். எந்த ஊரில் எப்போது நோம்பி, எப்போது சுவர் பூசுவார்கள் என்று விசாரித்து, பூசிக் காய்ந்தபிறகே போனேன். சாணி பூசிய அந்த ஊருக்கும் நோம்பி முடிந்ததும் மறுபடி அடித்தேன்.

அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து மூச்சுவாங்க ஏறிவந்த இன்ஸ்பெக்டர் வீடு வீடாகத் தேதியைப் பார்த்தார். ஒன்றும் அட்டவணையோடு ஒத்துப்போகவில்லை. ஆனால் எந்தச் சுவரிலும் மருந்து கலையவில்லை. "யாரைக் கேட்டு மாத்தினே?" என்றார். நோம்பி விஷயத்தைச் சொன்னேன். சுவரைத் தடவிப் பார்த்தார்.

"ஆறு வருஷம் காலேஜ்ல படிச்சேன். ஒரு பேப்பர்லகூடச் சாணி வரலியேப்பா!"

விண்ணப்பத்தோடு அப்பா

ஜூனில் அப்பாவே மலையேறி வந்துவிட்டார், காலேஜ் விண்ணப்பத்தோடு. முந்தினநாள் வந்த நிரந்தர உத்தரவை நீட்டினேன். இரண்டு தடவை படித்தார். திட்டுவார் என்று பார்த்தேன். பாறைமேல் உட்கார்ந்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அப்பாடா! இனிமே ரிசல்ட் பேப்பர்ல உன் நம்பரைத் தேட வேண்டாமில்ல, கண்ணு?"

காலேஜ் வேண்டாம் என்று நான் யாருக்கும் சொல்லமாட்டேன்; எனக்கு மேலதிகாரியாக வர ஆள் வேண்டாமா?