மாரிஸ் மைனரின் இடது பக்கம்

என் கடை மேசையில் ஒரு ரப்பர்த் துண்டு இருக்கிறது. இரண்டு கட்டைவிரல் பருமன், நடுவில் துளை. ஒரு காலத்தில் நல்ல வட்டமாக இருந்திருக்கும். இப்போது ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் வெற்றிலை போல மெலிந்தும், துளை நடுவை விட்டு ஓரத்துக்கு ஒதுங்கிவிட்டது. அதில் பேனாவைச் செருகி வைப்பேன். அது சாய்ந்துதான் நிற்கும். கடைக்கு வருகிறவர்கள் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, என்னவென்று கேட்காமலே திரும்ப வைத்துவிடுவார்கள். காரின் பின்பக்கத்து வில்பட்டை வண்டியின் உடலோடு சேரும் இடத்தில், இரும்பும் இரும்பும் உரசாமல் இருக்க இடையில் போடுகிற புஷ் அது. என் அக்காவின் கணவர் ஒரு நாள் வண்டிக்கு அடியிலிருந்து கையை மட்டும் நீட்டி, "இந்தா மாப்ள, உங்க அக்கா மேல போட்ட பழி" என்று சொல்லி என் உள்ளங்கையில் வைத்தது.

எங்கள் குடும்பத்தில் எது எப்போது நடந்தது என்ற சந்தேகம் வந்தால் என்னிடம்தான் வருவார்கள். விருதுநகர் பஜாரில் எழுதுபொருள் கடை வைத்திருக்கிறேன். கூட்டமில்லாத நேரத்தில் கையில் கிடைப்பதையெல்லாம் படிப்பேன். படிக்க ஒன்றுமில்லையென்றால் பழைய காலண்டர்களைப் புரட்டுவேன். ஆகவே இது நடந்த ஆண்டை உறுதியாகச் சொல்ல முடியும். தீபாவளியும் நோன்புப் பெருநாளும் ஒரே வாரத்தில் வந்த 2005. பட்டாசு சீசனும் நோன்பும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொண்ட வருடம் என்று மச்சான் அதைச் சொல்வார்.

மச்சானுக்குச் சிவகாசியில் பழைய பேப்பர் வியாபாரம். அச்சகங்களின் வெட்டுத் தாளையும் பழைய செய்தித்தாளையும் வாங்கி, தாயில்பட்டி, வெம்பக்கோட்டைப் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனிகளுக்கு, வெடிக்குக் குழல் சுற்றுவதற்காகக் கொடுப்பார். பெரிய லோடு வேனில் போகும். அவசர ஆர்டர் வந்து வேனும் கிடைக்காத நாளில் கட்டுகளைத் தன் காரின் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு அவரே கிளம்பிவிடுவார். அந்தக் கார் நாலு கதவு வைத்த மாரிஸ் மைனர்; அவரைவிடச் சில வயது மூத்தது. ஆமை முதுகும் உருண்டைக் கண்ணுமாக இருக்கும். அதன் வலப்பக்கத்துப் பின்கதவின் பூட்டு எப்போதோ கெட்டுப்போய், கயிறு போட்டுக் கட்டியிருந்தார். ஆகவே ஆளானாலும் லோடானாலும் பின்சீட்டுக்கு இடப்பக்கத்துக் கதவு வழியாகத்தான் ஏற வேண்டும். பெண்கள் பின்னால் உட்காருவது எங்கள் வழக்கம் என்பதால், அக்காவின் இடமும் அந்த இடப்பக்க மூலைதான்.

அக்கா பெரிய உடம்புக்காரி. அவள் வந்தால் வீடு நிறைந்துவிடும் என்று அம்மா சொல்வாள். அதைச் சொல்லி முதலில் சிரிப்பவளும் அக்காதான். அந்த வருடம் நோன்பு தொடங்குவதற்கு முன்பே ஆமத்தூரில் மச்சானின் தாய்மாமன் வீட்டில் ஒரு கல்யாணம். நாங்கள் அவரை ஆமத்தூர் மாமு என்போம். எதையும் சத்தமாகத்தான் சொல்வார். சிவகாசியிலிருந்து வந்த மாரிஸ் மைனர் பந்தல் வாசலில் நின்றபோது நான் அங்கே இருந்தேன். அக்கா இறங்கியதும் வண்டியின் இடப்பக்கம் மேலே எழும்பியது. முழுக்க எழும்பவுமில்லை, சாய்ந்தே நின்றது.

"என்ன மருமகனே, வண்டி ஒரு பக்கமாச் சாயுது?" என்றார் மாமு.

"அது ஒண்ணுமில்ல மாமு. எங்க வீட்டம்மா ஏறி எறங்குனா வண்டி சலாம் போடும். மரியாதை தெரிஞ்ச வண்டி."

பந்தலே சிரித்தது. அக்காவும் சிரித்தாள். துப்பட்டியைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனாள்.

அதற்குப் பிறகு அவள் காரில் ஏறவில்லை. இதை நான் கவனித்ததே ஒரு தற்செயல். அம்மாவைப் பார்க்க அவள் விருதுநகர் வருவது வழக்கம். ஒரு நாள் பேருந்து நிலையத்தின் பக்கம் போனபோது, சிவகாசிப் பேருந்தின் படியைப் பிடித்துக்கொண்டு, முட்டி வலியில் ஒவ்வொரு காலாக ஊன்றி அக்கா இறங்குவதைப் பார்த்தேன். சீசன் கூட்டம்; வழி முழுவதும் நின்றுகொண்டே வந்திருக்கிறாள்.

"ஏக்கா, வண்டி என்னாச்சு?"

"வண்டிக்கு என்ன, நல்லாத்தான் இருக்கு. அது பாவம்லே. எதுக்குப் போட்டு அமுக்கணும்?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் துப்பட்டி நுனியால் முகத்தைத் துடைத்தவள், துடைக்க வேண்டிய நேரத்தைத் தாண்டியும் துடைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு அந்த வருகையும் குறைந்தது. அம்மா வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பெருநாளன்று ஆமத்தூர் போகிற வழக்கத்துக்கும் தான் வரப்போவதில்லை என்று அக்கா முன்கூட்டியே சொல்லிவிட்டாள். நான் மச்சானிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அவருக்கு அது தோன்றவே இல்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"அவளா? அவ சிரிச்சாளே மாப்ள."

"சிரிச்சுச்சு மச்சான். அம்புட்டுப் பேரும் சிரிக்கயில வேற என்ன செய்யும்?"

மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். மாட்டினார். மறுபடி கழற்றித் துடைத்தார். வியாபாரத்தில் வாய் கூசாத மனிதர். எந்தக் கம்பெனி மேலாளரிடமும் விலை பேசுவார். ஆனால் தன் பக்கம் தப்பு என்று அவர் வாய் திறந்து சொல்லி நான் கேட்டதில்லை. அப்படியான நேரங்களில் அவருக்கு ஏதாவது ஒரு வேலை வேண்டும். "தீவாளி லோடெல்லாம் முடியப் போகுது. ஞாயித்துக்கெளம வா. வண்டியப் பிரிச்சுப் பாத்துருவோம்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது வண்டியின் பின்பக்கம் ஜாக்கியில் ஏறி, மரக்கட்டைகளின் மேல் நின்றது. முன்சக்கரங்களுக்குக் கல் வைத்திருந்தார். நோன்பு வைத்துக்கொண்டு வண்டிக்கடியில் மல்லாந்து கிடந்தார். துரு உதிர்ந்து உதட்டில் விழும்போதெல்லாம் தலையைத் திருப்பித் துப்பிக்கொண்டே இருந்தார். பட்டையைத் தாங்கும் போல்ட்டுகள் துருவேறி ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிட்டு, தட்டி, மறுபடி ஊற்றி, பிற்பகலில்தான் ஒன்று அசைந்தது. இடப்பக்கத்துப் பட்டைகள் வளைவு போய், பலகையாகத் தட்டையாகிவிட்டிருந்தன. மேல்பட்டையின் நுனியில், புஷ் உட்காரும் துளைக்கு அருகில் மயிரிழை போல ஒரு விரிசல். இப்போது என் மேசையில் இருக்கிற புஷ் அன்றே இந்தக் கதியில்தான் இருந்தது; அதைத்தான் அடியிலிருந்து என் கையில் நீட்டினார். வலப்பக்கத்துப் பட்டைகளில் இன்னும் பாதி வளைவு மிச்சமிருந்தது.

இரண்டு பக்கத்துப் பட்டைகளையும் விருதுநகரில் லாரிப் பட்டை அடிக்கிற ஒரு பட்டறைக்குக் கொண்டு போனோம். ஒரு பக்கத்தை மட்டும் நிமிர்த்தினால் மறுபக்கம் சாயும், இரண்டையும் சேர்த்துத்தான் அடிக்க வேண்டும் என்றார் பட்டறைக்காரர். ஓர் ஆள் உட்கார்ந்து பட்டை இப்படி அலுத்துப் போகாது, லோடு ஏற்றியிருக்கிறீர்கள் என்றும் சொன்னார். மச்சான் என்னைப் பார்த்தார். கட்டுகளை உள்ளே தள்ளி அடுக்கினால் இறக்கும்போது இழுக்க வேண்டுமே என்று, எல்லாவற்றையும் இடப்பக்கக் கதவோரமே அடுக்குவது அவர் வழக்கம். அது எனக்கும் தெரியும். விரிசல் விட்ட பட்டைக்குப் பதில் புதியது ஒன்றைச் செய்யச் சொல்லிவிட்டு, பழையதைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டார். எதற்கென்று அப்போது எனக்குப் புரியவில்லை.

சிவகாசிக்குத் திரும்பியதும் நேரே அடுப்படிக்குப் போனார். அக்கா நோன்புக் கஞ்சியைக் கிண்டிக்கொண்டிருந்தாள். அவர் அந்த இரும்பைத் தாளோடு தரையில் வைத்துப் பிரித்தார்.

"இது என்ன, எம்முன்னால இரும்பக் கொண்டாந்து போடுதீக? இது என்ன கோர்ட்டா?"

"இந்தா பாரு. ஆளு ஒக்காந்து பட்டை இப்பிடி அலுக்காதாம். எல்லாம் பேப்பர் லோடு. கதவோரமே அடுக்கி நாந்தான் கெடுத்திருக்கேன். வேணும்னா ஒந் தம்பியக் கேளு."

"அவன எதுக்குக் கேக்கணும்? நான் கனந்தான், அது எனக்குத் தெரியாதா? வண்டி சாஞ்சதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல." கரண்டியைச் சட்டியின் விளிம்பில் தட்டினாள். "சிரிக்க வச்சது கல்யாண வீட்டுல. சொல்லுதது மட்டும் அடுப்படியிலயா?"

மச்சான் பட்டையைத் திரும்பச் சுற்றி எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

பட்டைகள் பட்டறையிலிருந்து வந்ததும் திரும்ப மாட்டினோம். அதே அளவு புஷ் கிடைக்கவில்லை. மதுரையில் வாங்கிய வேறொரு வண்டியின் புஷ்ஷை உப்புத்தாளில் தேய்த்துத் தேய்த்து அளவுக்குக் கொண்டுவந்தார். போல்ட்டுகளைக் கடைசி முடுக்கு முடுக்காமல் விட்டு, வண்டியைத் தரையில் இறக்கி, அதன் எடை முழுவதும் சக்கரத்தின் மேல் விழுந்த பிறகுதான் இறுக்கினார். இல்லையென்றால் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழிந்துவிடுமாம். தரைக்கும் மட்கார்டுக்கும் இடையில் குச்சி வைத்து இரண்டு பக்கமும் அளந்தார். சரியாக இருந்தது. உற்சாகமாகிவிட்டார்.

"ஆமத்தூர்ல எல்லார் முன்னாலயும் இவள ஏறச் சொல்லுதேன் மாப்ள. வண்டி அசையுதான்னு பாக்கட்டும்."

"மச்சான், அது அக்காவ மறுபடியும் எடை போட்ட மாதிரி ஆயிரும்."

ஸ்பானரைக் கீழே வைத்தார். அன்று அதற்கு மேல் வேலை செய்யவில்லை.

பெருநாளன்று தொழுகை முடிந்து நான் சிவகாசி போனேன். தூறல். அக்கா வரமாட்டேன் என்று சொன்னவள், ஆனாலும் புதுச்சேலை கட்டியிருந்தாள். மச்சான் சாவியை என் கையில் கொடுத்துவிட்டு, தான் போய்ப் பின்சீட்டின் இடப்பக்க மூலையில் ஏறி உட்கார்ந்துகொண்டார். முன்சீட்டுக் கதவு திறந்து கிடந்தது.

"முன்னால யாரு ஒக்கார்றது?" என்றாள் அக்கா, வாசலில் நின்றபடி.

"காலியாத்தான் கெடக்கு" என்றார் அவர், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள். பிறகு வந்து முன்னால் ஏறினாள். ஊர் எல்லை தாண்டி ஒரு மேட்டில் வண்டி குலுங்கியதும் பின்னாலிருந்து முனகல் கேட்டது.

"முட்டு இடிக்கி. இம்புட்டு நாளா இங்கனயா ஒக்காந்து வந்த?"

"ஆமா. மடியில உங்க பேப்பர்க் கட்டையும் வச்சுக்கிட்டு."

 கண்ணாடியில் பார்த்தேன், மச்சான் காலை மடக்கவும் முடியாமல் நீட்டவும் முடியாமல் உட்கார்ந்திருந்தார்.

மாமு வாசலிலேயே நின்றார். கல்யாணத்துக்கு வந்தவர்களில் பாதிப்பேர் அங்கே இருந்தார்கள். "என்ன மருமகனே, இன்னைக்கு நிமிந்து நிக்குது? சலாம் போடுற வண்டிய எங்கன விட்டுட்டு வந்தீக?"

மச்சான் இடப்பக்கத்துக் கதவு வழியாக இறங்கி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். "மாமு, அன்னைக்கு நான் சொன்னது பொய். வண்டியச் சாச்சது எம் பேப்பர் லோடு. பழியத் தூக்கி இவ மேல போட்டேன். தப்பு எம் மேல."

 மாமு வண்டியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில், "அப்ப இனிமே சலாம் கெடையாதாக்கும்?" என்றார்.

அக்கா அப்போதுதான் ஒரு காலைத் தரையில் ஊன்றி இறங்கிக்கொண்டிருந்தாள். மச்சான் அவள் பக்கம் திரும்பினார்.

"வண்டி போடாது மாமு. இனிமே நாந்தான் போடணும்." கையை நெற்றிக்கு உயர்த்தினார்.

சிரிக்கலாமா கூடாதா என்று எல்லோரும் நின்றார்கள். அக்கா சிரித்த பிறகுதான் மற்றவர்கள் சிரித்தார்கள். அன்று அவள் முகத்தைத் துடைத்துக்கொள்ளவில்லை.

மச்சான் இறந்து சில ஆண்டுகள் ஆகின்றன. வண்டியை விற்க அக்காவுக்கு மனமில்லை. வண்டி கிடந்தால் கெட்டுப்போகும் என்று அவ்வப்போது நான் போய் ஓட்டிவிட்டு வருவேன். சர்க்கரை வியாதி வந்து அவள் பாதியாக இளைத்துவிட்டாள். பழைய வளையல்கள் கையில் நிற்பதில்லை. சென்ற பெருநாளுக்கு அவளை ஆமத்தூர் கூட்டிப்போனேன். முன்கதவைத் திறந்துவிட்டேன். அவள் அதைச் சாத்திவிட்டுப் பின்னால் போய், இடப்பக்க மூலையில் ஏறி உட்கார்ந்தாள்.

ஆமத்தூரில் இறங்கியவள் வீட்டுக்குள் போகாமல் வண்டியின் பின்னால் நின்றாள்.

"ஏலே, நான் எறங்கயில வண்டி எந்திரிச்சுச்சா?"

"இல்லக்கா. அப்பிடியேதான் நின்னுச்சு."

மட்கார்டின் மேல் கையை வைத்து, மெல்ல ஒரு தடவை அமுக்கிப் பார்த்தாள்.

"கொஞ்சம் சாஞ்சாத்தான் என்னவாம்" என்றாள்.

அன்று ஊர் திரும்பியதும் கடைக்குப் போய் மேசை முன் உட்கார்ந்து, பேனாவை அந்த ரப்பர்த் துண்டில் செருகினேன். எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் அது சாய்ந்துதான் நிற்கிறது. அப்படியே விட்டிருக்கிறேன்.