சின்னாளபட்டிக்கு வந்த படகு

தெருவில் சாலை போடுகிறார்கள். தார் வாசனை ஜன்னலில் நுழைந்ததும் எங்கள் படகு ஞாபகம் வந்துவிட்டது.

சின்னாளபட்டியில் அத்தை சுங்குடிச் சேலைகளுக்குச் சாயம் தோய்ப்பாள். முழங்கை வரை எப்போதும் சிவப்பு. சின்னப் பானைகளில் நாலைந்து சேலையாகத் தோய்ப்பதால் ஈட்டுக்கு ஈடு நிறம் மாறும். ஒரே நிறமாக இல்லாவிட்டால் இனி வாங்க மாட்டேன் என்று மதுரைக் கடைக்காரர் சொல்லிவிட்டார்.

அந்த வாரம் திண்டுக்கல்லில் சர்க்கார் ஏலம். பழைய சாமான்களோடு, அணையில் ஓடிய மரப்படகு ஒன்று அடியெல்லாம் தார் பூசிக் கிடந்தது. மற்றவர்கள் துடுப்பைத் தேடினார்கள். அத்தையோ படகுக்குள் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினாள். சொட்டுக்கூடக் கசியவில்லை.

"ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்!"

படகு எங்களுடையது. மாட்டுவண்டியில் ஏற்றிய படகுக்குள் நான் மகாராணி மாதிரி உட்கார்ந்து வந்தேன்.

"ஏத்தா, கடல் எங்கிட்டு இருக்கு?" என்றார் எதிர்வீட்டுக்காரர். தெருவே சிரித்தது.

மறுநாள் மொத்தச் சேலையும் படகுச் சாயத்தில் ஒன்றாக முங்கியது. கடைக்காரர் வெயிலில் விரித்து விரித்துப் பார்த்தார். அம்புட்டும் ஒரே சிவப்பு!

அடுத்த வாரம் எதிர்வீட்டுக்காரரே சாயம் தோய்க்க முடிச்சுப் போட்ட தன் சேலைகளோடு எங்கள் வாசலில் நின்றார். அத்தை இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"ஏறுங்கண்ணே. படகுல எடம் கெடக்கு."